தொட்டுப் பார்ப்பது யார்? தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின் ஒரு பத்தியும் வையம்பட்டி எலும்பு நோயாளிகளும்

எலும்பு முறிவு, மூட்டுவலி புறநோயாளிகளைக் காணொளி வழியே பார்க்கலாமா என்ற விவாதம் இரண்டு முனைகளில் உறைந்து நிற்கிறது. தொடாமல் எலும்பு வைத்தியம் இல்லை என்பது ஒரு தரப்பு. கையில் செல்போன் இருந்தால் நோயாளி வீட்டிலிருந்தே பேசிக்கொள்ளலாம் என்பது மறு தரப்பு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களே இரு தரப்புக்கும் சான்று. அவற்றில் உடற்பரிசோதனை பற்றிய பத்தியை இருவருமே பாதிதான் படித்திருக்கிறார்கள் என்று கருதுகிறேன்.

பத்தியின் முதல் வாக்கியம் கறாரானது. உடற்பரிசோதனை இன்றியமையாதது என்றால், நேரில் பரிசோதிக்க வழி செய்யும்வரை மருத்துவர் மேலே செல்லக்கூடாது. மறுப்பவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் மருத்துவர் சூழலுக்கேற்பப் பரிந்துரைக்க வேண்டிய வழிகளும் அங்கேயே தரப்பட்டுள்ளன: காணொளி, வேறொரு மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ செய்யும் பரிசோதனை, நேரடி ஆலோசனை. ஆதரிப்பவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள், மறுப்பவர்கள் கடைசியை. நடுவிலுள்ளது அநாதையாகக் கிடக்கிறது. முதல் வாக்கியம் முழுத் தடை என்றால், பணியாளரின் பரிசோதனையை அங்கே எழுதவேண்டிய தேவையே இல்லை. செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர், துணை மருத்துவப் பணியாளர் ஆகியோரை ஆவணம் சுகாதாரப் பணியாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பணியாளர் வழியான ஆலோசனைக்குத் தனிப் பிரிவே ஒதுக்குகிறது. நோயாளியைப் பணியாளர் முன்னதாகப் பார்த்திருக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் அடிப்படை. இதனால் முதல் வாக்கியம் வலுவிழந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. விழுந்து, கால் கோணிய நிலையில் வருபவரை நேரில்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டவரை எடுத்துக்கொள்வோம். வையம்பட்டியிலிருந்து திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, விரலை அசைத்துக் காட்டித் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். துணைக்கு வந்தவரின் கூலியும் போச்சு. விரல் வீங்கியிருப்பதும் மடங்குவதும் திரையில் தெரியும். ஆனால் நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் உடனே திரும்புகிறதா, இன்னொருவர் விரலை நீட்டிவிடும்போது வலி உயிர்போகிறதா, விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை அறிய நோயாளியின் பக்கத்தில் ஒரு கை வேண்டும். அது மருத்துவரின் கையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர், திரையில் மருத்துவர் சொல்லச் சொல்ல, அவர் கண்முன்னே இதைச் செய்யலாம். எக்ஸ்ரே மட்டும் தனியாக, முழுத் தெளிவோடு போய்ச்சேர வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்த படத்தில் மெல்லிய விரிசல் தப்பிவிடும்.

வீட்டுக் காணொளிக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் நார்வே ஆய்வும் உண்மையில் இதையே சொல்கிறது. 389 எலும்பு நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2016-இல் வெளியான அந்தச் சோதனையில் காணொளி நேரடி ஆலோசனைக்குச் சளைக்கவில்லை. ஆனால் நோயாளிகள் அமர்ந்தது வீட்டில் அல்ல, வட்டார மருத்துவ மையத்தில். அருகில் பயிற்சி பெற்ற செவிலியர் இருந்தார்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மறு ஆலோசனை என்பதை, நேரில் பார்த்த அதே மருத்துவரிடம், அதே நோய்க்காக, ஆறு மாதத்துக்குள் பெறுவது என்று வழிகாட்டுதல் வரையறுக்கிறது. அரசு ஓ.பி.யிலோ முறைவைத்து ஆள் மாறுகிறது. திரையில் வேறு மருத்துவர் வந்தால் அது முதல் ஆலோசனையாகி, எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியல் சுருங்கிவிடும். கட்டுப் போட்ட யூனிட்டின் மருத்துவருக்கே அந்த நோயாளிகளின் காணொளி நேரத்தையும் ஒதுக்கினால்தான் இது தீரும்.

நெட்வொர்க் கிடைக்காது என்ற ஆட்சேபம் தனித்தனி வீடுகளுக்குப் பொருந்தலாம்; ஒரே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இணைப்புத் தருவது பெரிய காரியமல்ல. செவிலியருக்கு வேலைப்பளு கூடும் என்பது மெய்தான். அதற்கு விடை கூடுதல் பணியிடம், காணொளியைக் கைவிடுவது அல்ல.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். துணை மருத்துவப் பணியாளர் என்ற வகையில் அவர்களும் மேற்சொன்ன சுகாதாரப் பணியாளர் வரையறைக்குள் வருகிறார்கள். கட்டுப் பிரித்தபின் இறுகிப்போன மணிக்கட்டு, முழங்கால் தேய்மானம் ஆகியவற்றிலிருந்து அவர்களைக் கொண்டே தொடங்கலாம். வலிமருந்தில் மட்டும் எல்லை தெளிவாக இருக்க வேண்டும்: 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் டிரமடாலைத் திரை வழியே எழுத முடியாது, அது தேவைப்படும் நோயாளியை அன்றே மணப்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க வேண்டும்.