ரெண்டு பிள்ளைக்குப் பால் போதுமா? - ஒரு பேங்க்காரனின் சரித்திரக் குறிப்பு

போன வாரம் எங்கள் கிளையில் வேலை பார்க்கும் திருச்சிக்காரத் தம்பி ஸ்வீட் பாக்கெட்டோடு என் மேஜைக்கு வந்தார். "சார், ஸ்கேன்ல ரெட்டைன்னு சொல்லிட்டாங்க" என்றார். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி பீதி. ரெட்டைப் பிள்ளை பெற்ற அனுபவஸ்தன் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பட்டம் உண்டு. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ரெண்டு பேருக்கும் தாய்ப்பால் பத்துமா சார்?"

2010-ல் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். தப்பான ஆளிடம் கேட்டேன், தப்பான பதில் கிடைத்தது. அதற்கப்புறம்தான் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தம்பிக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். ஊரை விட்டு வந்து பிள்ளை பெறும் நம்மாட்கள் யாருக்காவது உதவும்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. அப்போது முலுண்டில் ஒரு ரூம் கிச்சன் வீடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் ரெட்டை என்று தெரிந்ததும், ஏழாம் மாசத்துக்கு மேல் ரயில் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தாய்வீடு எங்களைத் தேடி வந்தது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கருப்பட்டி, பூண்டு, பிரசவ லேகியம் சகிதம் மாமியார் வந்து இறங்கினார். 35-வது வாரம் ராத்திரி பனிக்குடம் உடைந்தது. சிசேரியன். பெரியவன் 2.2 கிலோ, சின்னவன் 1.7 கிலோ. சின்னவனைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலமே நர்ஸம்மா ஒரு சீட்டைக் கொடுத்தார். ஒரு டப்பா பால் பவுடர், ரெண்டு பாட்டில். "அம்மாவுக்கு வராதா?" என்று கேட்டேன். "ரெண்டு பிள்ளைக்கு எங்கே பத்தும்?" என்றார். நான் மறுபேச்சில்லாமல் மெடிக்கலுக்கு ஓடினேன். பாலைப் பீய்ச்சிக் கொண்டுவந்து கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. 11 நாள் சின்னவன் குடித்தது முழுக்க டப்பாப் பால்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஸ்கேனுக்கு முந்தைய காலம்

ரெட்டை என்று முன்கூட்டியே தெரிவதே நம் தலைமுறைக்குக் கிடைத்த வசதி. கிளாஸ்கோவில் இயான் டொனால்டும் அவர் கூட்டாளிகளும் அல்ட்ராசவுண்ட் பற்றிய தங்கள் கட்டுரையை லான்செட்டில் வெளியிட்டது 1958-ல். அதற்கு முன்னால் பெரும்பாலும் டாக்டரின் கையும், வயிற்றில் வைத்துக் கேட்கும் குழலும்தான். முதல் பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மருத்துவச்சி "இன்னொண்ணு இருக்கு" என்று கூவின கதை நம் பாட்டிகளிடம் நிறைய உண்டு. தயாராவதற்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிப் பிரசவமே அப்படியொன்றும் பழசல்ல. சென்னை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் ஆரம்பித்தது. மூன்று வருஷம் கழித்துத்தான், 1847-ல், டாக்டர்கள் கை கழுவினால் தாய்மார்கள் சாவது குறைகிறது என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டினார். பெரியவர்கள் யாரும் அவரைச் சுலபத்தில் நம்பவில்லை என்பது தனிக்கதை.

கண்ணாடிப் பெட்டி

குறைமாசக் குழந்தைகளுக்கு, அதாவது பாதிக்கு மேற்பட்ட ரெட்டைகளுக்கு, முதல் பெரிய திருப்பம் பாரிஸில் வந்தது. ஸ்தெஃபான் தார்னியே என்ற டாக்டர் மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி குழந்தைகளுக்கு ஒன்று செய்யச் சொன்னார். 1880-களின் தொடக்கத்தில் அது ஆஸ்பத்திரிக்கு வந்தது. 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளின் சாவு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்ததாக அவர் கணக்குக் காட்டினார்.

ஆனால் பெட்டி வந்ததும் இன்னொரு சிக்கலும் கூடவே வந்தது. குழந்தை ஓரிடம், தாய் ஓரிடம். அதைக் கவனித்தவர் தார்னியேயின் சிஷ்யர் பியேர் புதான். பிரித்து வைத்த தாய்களுக்குப் பிள்ளை மேல் இருக்கும் ஒட்டுதலே குறைந்துபோகிறது என்று எழுதினார். தாயைப் பக்கத்தில் வையுங்கள், பாலை வற்றவிடாதீர்கள் என்பது அவர் கட்சி. நூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது, 2010-ல் எங்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேரவில்லை.

ரயிலில் வந்த பால்

கனடாவில், 1934 மே 28. மின்சாரம் இல்லாத ஒரு பண்ணை வீட்டில் டியோன் தம்பதிக்கு ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள், ரெண்டு மாசம் முன்னதாகவே. ஐந்தும் சேர்ந்து எடை சுமார் 6 கிலோ. கூடையில் போட்டு, சுற்றிலும் சூடான பொருட்களை வைத்து அடுப்புப் பக்கத்தில் கிடத்தினார்கள். முதலில் கொடுத்தது வெந்நீரும் சோளப் பாகும், நடுவில் ரெண்டொரு சொட்டு ரம்மும்! அதற்கப்புறம் டொராண்டோ, மான்ட்ரியல், சிகாகோ நகரங்களிலிருந்து, முகம் தெரியாத தாய்மார்களின் பால் ரயிலேறி வந்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். ஒரே பிரசவத்தில் பிறந்த ஐவர் பிழைத்ததாகத் தெரிந்த முதல் சம்பவம் அது. (பிற்பாடு அரசாங்கம் அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் காட்சிப்பொருளாக்கியது. அது வேறு சோகம்.)

பாலைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு அப்போதே புதிதில்லை. 1909-ல் வியன்னாவில் எஷ்ரிக் என்ற குழந்தை மருத்துவர் உலகின் முதல் தாய்ப்பால் வங்கியைத் திறந்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் பாஸ்டனில் ஒன்று.

டப்பா வந்த கதை

இன்னொரு பக்கம் டப்பாவும் வளர்ந்துகொண்டிருந்தது. 1860-களில் ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியல் மேதை குழந்தை உணவு ஒன்றைத் தயாரித்தார். 1867-ல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே தன் பால்மாவை விற்க ஆரம்பித்தார். தாயில்லாப் பிள்ளைக்கு அது உயிர் காத்தது, மறுக்க முடியாது. ஆனால் தாய் இருக்கும் பிள்ளையிடமும் அதைக் கொண்டுபோனார்கள். சுத்தத் தண்ணீர் இல்லாத ஊரில் பாட்டில் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசியபோது தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. 1977-ல் அமெரிக்காவில் புறக்கணிப்புப் போராட்டம் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார சபை தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா.

நம் நாட்டில் 1992-ல் சட்டமே வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். பால் பவுடர், பாட்டில் விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது. அதாவது அந்த நர்ஸம்மா எனக்குச் சீட்டு எழுதியபோது சட்டம் வந்து 18 வருஷம் ஆகியிருந்தது. சட்டம் விளம்பரத்தை நிறுத்தியது. "எங்கே பத்தும்?" என்ற சந்தேகத்தை நிறுத்த எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. டப்பாவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா என்ன!

நான் தினம் தாண்டிய பேங்க்

இதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற பகுதி. முலுண்டிலிருந்து சி.எஸ்.டி. (இப்போது சி.எஸ்.எம்.டி.) வரை தினமும் லோக்கல் ரயிலில் போகிறவன் நான். நடுவில் சயான் ஸ்டேஷன். பக்கத்திலேயே நம்மூர் ஜனங்கள் நிறைந்த தாராவி. சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில், 1989-ல், டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஒன்றை ஆரம்பித்தார். ஆசியாவிலேயே முதலாவது. எய்ட்ஸ் பயத்தில் மேல்நாட்டுப் பால் வங்கிகள் பல மூடப்பட்ட அந்த 80-களிலேயே இங்கே திறந்தார்கள்.

முறை எளிதுதான். உபரிப் பால் உள்ள தாயின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை வாங்கி, 62.5 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கி, கிருமி இல்லை என்று உறுதி செய்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைப்பார்கள். குறைமாசக் குழந்தைகளுக்கும், உடம்புக்கு முடியாத தாய்களின் குழந்தைகளுக்கும் போகும். வட்டி இல்லை, செக் புத்தகம் இல்லை.

பேங்க் பரீட்சையெல்லாம் எழுதி பாஸ் செய்த எனக்கு இந்த பேங்க் இருப்பது தெரிந்தது பிள்ளைகளுக்கு நாலு வயசானபோது. எங்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம், அங்கேயுள்ள குழந்தைகளுக்குத்தான் முன்னுரிமை. ஆனால் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லையே.

எடுக்க எடுக்க ஏறும் கணக்கு

சரி, பால் பத்துமா? 1986-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு. ரெட்டைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த 8 தாய்கள், மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு தாய். அளந்து பார்த்தார்கள். ஆறாம் மாசத்தில் ரெட்டைத் தாய்களில் சிலருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ அளவுக்குக்கூடப் பால் இருந்தது. மூன்று பிள்ளைக்காரிக்கு ரெண்டரை மாசத்தில் 3 கிலோ! எல்லாருக்கும் அவ்வளவு வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் உடம்பு கேட்பதற்கேற்ப உற்பத்தி செய்கிறது. நம் பேங்கில் எடுத்தால் இருப்பு குறையும், இங்கே எடுத்தால் இருப்பு ஏறும். எடுக்காமல் விட்டால்தான் கணக்கு முடங்கும். எங்கள் சின்னவனின் 11 நாள் அப்படி முடங்கியதுதான்.

கதை அங்கேயே முடியவில்லை. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் வேறொரு மராத்தி நர்ஸ், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து, "பாட்டில் வேண்டாம், பலாடையில் கொடுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ள, இது நம்ம பாலாடைல்லா! சங்கு என் பைக்குள்ளயே கெடக்கு!" இந்தியா முழுக்கக் குறைமாசக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் அந்தக் கிண்ணத்துக்கு டாக்டர்கள் புத்தகத்திலும் பெயர் 'பாலாடை'தான். நம் பரணில் கிடந்த சாமான், நம் வார்த்தையோடவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பொறுப்பை எடுத்துக்கொண்டார். பீய்ச்சிய பால் சங்கில். அப்புறம் பெரியவனை ஒரு பக்கம் போட்டு, அவன் இழுத்துப் பால் இறங்கியதும் சின்னவனை மறுபக்கம். "மூத்தவன் இழுத்தா எளையவனுக்கும் சொரக்கும்." நான் ஒரு நோட்டில் கோடு போட்டு, எப்போது, யார், எந்தப் பக்கம், எத்தனை ஈரத்துணி என்று வரவு வைத்தேன். ஆறு வாரத்தில் டப்பா நின்றது. மிச்சத்தைக் கொட்டும்போது தங்கமணி அழுதாள்.

தம்பிக்குக் கொடுத்த பட்டியல் இதுதான்:

- பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வசதியும் உள்ள ஆஸ்பத்திரியை ஆறாம் மாசத்துக்குள் முடிவு செய்யுங்கள். 32 வாரத்தில் பை தயாராக இருக்கட்டும்.
- குழந்தை உள்ளே, தாய் வெளியே என்றால் பால் எப்படி வரும் என்று முன்பே கேளுங்கள். முதல் சில மணி நேரத்திலேயே பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும், அப்புறம் நாளுக்கு எட்டுத் தடவையாவது. சீம்பால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.
- அருகில் தாய்ப்பால் வங்கி எங்கே என்று விசாரியுங்கள்.
- சிசேரியன் உடம்புக்காரிக்கு ரெண்டு பிள்ளையையும் தூக்கிக் கொடுக்க ராத்திரி ஒரு ஆள் வேண்டும். அது நீங்கள்தான்.
- டாக்டர் காரணம் சொல்லிப் பவுடர் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். காரணம் கேட்காமல் மட்டும் ஓடாதீர்கள், என்னைப் போல.

அத்தை இப்போது இல்லை. சங்கு இருக்கிறது. நேற்றுப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள் தங்கமணி. திங்கட்கிழமை தம்பியிடம் கொடுக்க வேண்டும். கடனாகத்தான், திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியே கொடுப்பேன். பேங்க்காரன் அல்லவா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள்.