திறன் பட்டியல் சுருக்கம்

மேசைக் கதாபாத்திர விளையாட்டுகளில், ஒரு பாத்திரத்தின் திறன்களைக் குறைந்த எண்ணிக்கையிலான பரந்த தலைப்புகளுக்குள் அடக்கும் வடிவமைப்பு முறை.

வரலாறு: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பொதுத் திறன் பட்டியல் இல்லை. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் திறன்களைச் சதவீதத்தில் அளந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு நிலையிலும் திறன் புள்ளிகளைப் பங்கிட வேண்டியிருந்தது. நான்காம் பதிப்பு (2008) பட்டியலை 17 திறன்களாகக் குறைத்தது. ஐந்தாம் பதிப்பில் (2014) 18 திறன்கள் உள்ளன.

முறைகள்: முதலாவது, இணைத்தல். ஒளிதலும் ஓசையின்றி நடத்தலும் ‘பதுங்கல்’ ஆயின. பார்த்தலும் கேட்டலும் ‘கூர்ந்துணர்தல்’ ஆயின. இரண்டாவது, புள்ளிக் கணக்கை நீக்கி, பயிற்சி உண்டா இல்லையா என்று மட்டும் குறித்தல். மூன்றாவது, பட்டியலுக்குப் பதில் பாத்திரத்தின் பின்னணியை வைத்தல். 2013இல் வந்த தேர்ட்டீன்த் ஏஜ் இவ்வழியைப் பின்பற்றியது. எடுத்துக்காட்டாக, ‘வீராணம் ஏரிப் படகோட்டி’ என்று ஒருவர் எழுதிக்கொண்டால், நீச்சல், மீன்பிடித்தல், மதகு பற்றிய அறிவு அனைத்தும் அதில் அடங்கும்.

மதிப்பீடு: சுருக்கத்தால் பாத்திரம் விரைவில் உருவாகிறது, புதியவர்கள் தயங்காமல் சேர்கிறார்கள். மிகையாகச் சுருக்கினால் பாத்திரங்களின் தனித்தன்மை மங்கும். ஆட்டத்தில் அடிக்கடி பயன்படும் திறன்களை மட்டும் தனித்தலைப்பாக வைப்பதே சிறந்த அளவுகோல்.