நந்தனார் பெயரில் ஒரு பள்ளி



மதுரையில் வாசல் திறந்த நாள் என்றால் 1939 ஜூலை 8 நம் நினைவுக்கு வரும். வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நாள் அது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே சிதம்பரத்தில் நம்மவர் ஒருவர் இன்னொரு வாசலைத் திறந்திருந்தார். அது பள்ளிக்கூட வாசல். திறந்தவர் சுவாமி சகஜானந்தர்.

1890 ஜனவரி 27 அன்று ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர், மதம் மாற மறுத்ததால் அங்கே தொடர முடியவில்லை. கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனார். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகள் மடத்தில் தமிழும் சமஸ்கிருதமும் கற்றுத் துறவியானார். 1910இல் சிதம்பரம் வந்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தோன்றியது. 25 பிள்ளைகளோடு ஓமக்குளத்தில் பள்ளி தொடங்கியது. பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. சேரியிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடத்துக்கு முன்னால் சோறும் படுக்க இடமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நந்தனார் பெயரை ஏன் வைத்தார்? தில்லையைக் காணத் தீயில் இறங்க வேண்டியிருந்தவரைப் பணிவின் அடையாளமாக்கியதை நம்மில் பலர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறோம். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தீ மூண்ட இடமென்று மரபு சொல்லும் ஓமக்குளத்திலேயே சகஜானந்தர் எழுத்தறிவைக் கொண்டுவந்தார். நந்தனாரின் பெயரைச் சொல்லி நம் பிள்ளைகள் உள்ளே நுழைய அங்கே யாரும் தீக்குளிக்கச் சொல்லவில்லை.

அவர் காங்கிரஸில் இருந்தார்; அம்பேத்கர் வழியில் வரவில்லை. அதை விமர்சிக்கலாம். ஆனால் 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரத்தில் வென்று, 1959 மே 1 அன்று மறையும்வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்த போதும் அவர் பள்ளியை விட்டு விலகவில்லை.

இது நமக்கு இன்றும் தேவைப்படும் பாடம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கும்படி 2024இல் பரிந்துரைத்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் உள்ள மதுரை வட்டாரத்துக்கு இது நேரடியான கேள்வி. சகஜானந்தர் தம் பள்ளியின் பெயரில் சாதியை எழுதவில்லை. ஆனால் அந்தப் பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை ஒருநாளும் மறக்கவில்லை.

பலகையில் பெயர் மாறட்டும், வரவேற்போம். விடுதிச் சோறும், ஆசிரியர் பணியிடமும், ஒதுக்கிய நிதியும் அந்தப் பெயரோடு சேர்ந்து போய்விடக் கூடாது. அதைக் காவல் காப்பதுதான் அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.