சேரிக் கோழியும் புறக்கடையும்

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. கி.பி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டுக் கல் என்கிறார்கள். கல்லில் சேவலின் உருவம், கூடவே வட்டெழுத்தில் ஒரு வரி. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்டு மாண்ட கோழி என்பது அதன் பொருள். செங்கல்பட்டு மாவட்டம் இந்தளூரில் இன்னொரு கல் இருக்கிறது. அந்தக் கோழி கீழ்ச்சேரியைச் சேர்ந்தது. அதற்குப் பொற்கொற்றி என்று பெயர்கூட வைத்திருந்திருக்கிறார்கள். எத்தனையோ மனிதர்கள் கல்லில் பெயர் இல்லாமலே செத்துப்போன நாட்டில் இரண்டு கோழிகளுக்குக் கல் கிடைத்திருக்கிறது.

மேற்சேரி, கீழ்ச்சேரி என்று படித்ததும் அவை நம்முடைய கோழிகள்தான் என்று நாம் மார்தட்டிவிட முடியாது. அன்றைக்குச் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பார்ப்பனர் குடியிருந்த இடத்துக்கும் அதே பெயர்தான். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்படுகின்றன. அதற்குப் பிறகு அந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் நம் மக்கள் தலையில் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் சொல் எப்படிச் சுருங்கினாலும் கோழி மட்டும் சேரியை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

மாடு வளர்க்க மேய்ச்சல் நிலம் வேண்டும், வைக்கோல் வேண்டும். ஆட்டை ஊரார் வயல் ஓரம் விட்டால் வம்பு வரும். கோழிக்கு ஒன்றும் வேண்டாம். களத்தில் சிந்தியதையும் குப்பையில் கிடப்பதையும் பொறுக்கித் தின்றுவிட்டு மாலையில் தானே வீடு திரும்பும். நிலமில்லாதவர்கள் வைத்துக்கொள்ள முடிந்த சொத்து அது ஒன்றுதான். அதிலும் அது பெண்ணின் சொத்து. பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு, வந்த விருந்தாளிக்குச் சோறு என்று எல்லாவற்றுக்கும் கை நீட்டாமல் எடுக்கக்கூடிய சேமிப்பு பஞ்சாரத்துக்குள்தான் இருந்தது. நம் வீடுகளில் பாட்டிமார் கோழி விற்ற காசுக்குத் தாத்தாவிடம் கணக்குச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

ஆனால் கோழிக்கும் ஒன்று வேண்டும். புறக்கடை வேண்டும். இரவில் அடைய ஒரு மூலை, குஞ்சு கிளற நாலு முழ மண். அந்த நாலு முழம்கூட நம் மக்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அதில் வீட்டுமனை பற்றிய பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடிசை நிற்கும் மண் மிராசுதாரர் கையில் இருந்தது. கூலி போதவில்லை என்று வாயைத் திறந்தால் மனையை விட்டு எழுப்பிவிடலாம். எழுப்பிவிடப்படும் வீட்டில் அடைக்கோழி எந்த மூலையில் உட்காரும்? விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே எண்பது ஆண்டு. கோழி வளர்ப்பை வேலையற்ற கிழவிகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் நம் பெண்கள் வெறுமனே கோழி வளர்க்கவில்லை. இனம் தேர்ந்தார்கள். எந்தப் பெட்டை நன்றாக அடை காக்கும், எது பாதியில் எழுந்து ஓடும், எது பருந்தைக் கண்டதும் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுக்கும் என்று பார்த்து, அதன் முட்டையை மட்டும் அடைக்கு எடுத்து வைத்தார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்துக் கரு இருக்கிறதா, கூமுட்டையா என்று பிரித்தார்கள். அடைக் கூடையில் இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டார்கள். அது நம்பிக்கை. ஆனால் சாம்பலையும் மணலையும் பரப்பி வைத்ததில் செல் தொல்லை குறைந்தது, அது அனுபவம். இரண்டும் ஒரே கூடைக்குள்தான் இருந்தன. கோழி இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுவார்கள். பொரிக்கும் குஞ்சில் பாதி கொடுத்தவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. வங்கி நம் தெருவை எட்டிப் பார்க்காத காலத்தில் நடந்த கடன் ஏற்பாடு இது.

நிறத்திலும் கண் இருந்தது. செவலை, கருப்பு, சாம்பல், புள்ளி என்று ஒரு தெருக் கோழிகளைப் பார்த்தாலே எது யாருடையது என்று தெரிந்துவிடும். சேவல் வளர்ப்பவர்கள் காகம், வல்லூறு, கீரி, மயில் என்று இறகைப் பார்த்தே பெயர் சொல்வார்கள். இந்த நிறங்கள் அழகுக்கு மட்டுமில்லை. வெள்ளைக் குஞ்சுதான் பருந்தின் கண்ணில் முதலில் படும். மண்ணோடும் சருகோடும் கலந்துபோகிற குஞ்சு பிழைக்கும். பிழைத்ததிலிருந்து அடுத்த தலைமுறை வரும். பண்ணையில் இது தலைகீழ். பிராய்லருக்கு வெள்ளை இறகு வேண்டும், உரித்த தோலில் முடிக்கட்டை தெரியக்கூடாது என்பதற்காக.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல ஆசைப்படுகிறோம். வீட்டுக்கோழி எல்லாமே செம்மண் நிறக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்து வந்தது என்றுதான் டார்வின் எழுதினார். 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து அதைக் கொஞ்சம் திருத்தினார்கள். கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. அந்தப் பறவை இந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே உரியது. நம் மலைக்காடுகளில் இன்றும் கூவுகிறது. உலகச் சந்தைகளில் மஞ்சள் தோலோடு தொங்கும் கோழிகளில் எல்லாம் நம் காட்டின் துளி ஒன்று இருக்கிறது. இங்கே யாரோ சிலர் எப்போதோ அந்தக் கலப்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுகல் இல்லை.

இனி மந்தாரக்குப்பத்துக்கு வருவோம். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது, அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. தென்னாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த கதை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பொய்யில்லை. ஆனால் முந்திரித் தோப்பும் புன்செய்யுமாக இருந்த ஊர்கள் வரிசையாகக் காலியாகின. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி மண்ணுக்கு விலை உண்டு, மரத்துக்கு விலை உண்டு, கிணற்றுக்கும் கட்டடத்துக்கும் விலை உண்டு. எல்லாம் பட்டா வைத்திருந்தவருக்கு. அவர் நிலத்தில் கூலி வேலை செய்தவருக்குத் தொழில் போனது. அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. முந்திரித் தோப்பில் கரையான் தின்று வளர்ந்த பத்துக் கோழிக்கு எங்கிருந்து இடம் வரும்? நிலமில்லாத விவசாயத் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றுக்கொண்ட சட்டம் 2013இல்தான் வந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை இடம்பெயர்ந்து முடிந்திருந்தது.

கரையான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. செலவு இல்லை. ஆனால் பானையைக் கவிழ்க்க மண் வேண்டும். மந்தாரக்குப்பம் சுற்றுவட்டாரக் காலனிகளில் நாங்கள் பேசிய பெண்கள் பலரிடம் இந்த அறிவு அப்படியே இருக்கிறது. மண்தான் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, வாசலில் சிமெண்ட் தெரு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வாடகைக்குக் கிடைத்த ஒற்றை அறை. அப்படியும் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று எங்கோ ஓர் இடத்தில் நாலு கோழி அடைந்திருக்கும். அதை அசுத்தம் என்று பக்கத்து வீட்டார் சண்டை போடும்போது அந்தச் சண்டைக்குள் சாதியும் இருக்கும்.

கோழியை வைத்துச் சாதி விளையாடியது தெருச் சண்டையில் மட்டுமில்லை. 1950ஆம் ஆண்டின் ஆடு, கோழி பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி 2003 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா உத்தரவிட்டார். கறிக்கடைக்குத் தடையில்லை, ஓட்டல் பிரியாணிக்குத் தடையில்லை. முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்குத்தான் தடை. ஜீவகாருண்யம் யார் வாசலில் வந்து நின்றது என்று பாருங்கள். எதிர்ப்பு கிளம்பியது, தேர்தலும் நெருங்கியது, 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் சட்டத்தைவிட அதிகமாக நம் கோழிகளைக் கொன்றது வெள்ளைக்கழிச்சல். தலை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒரு வாரத்தில் தெருவே காலி. 1920களின் கடைசியில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் வெள்ளைக்காரக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். அந்த ஊர்ப் பெயரே நோய்க்குப் பெயரானது. 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் தடுப்பூசி தயாரானது. இன்று வரை அது வேலை செய்கிறது. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கைத் தோலுக்கடியில் ஓர் ஊசி, பிறகு அவ்வப்போது மறுபடி. இவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் இன்னும் சாகின்றன? மருந்து குப்பியில் வருகிறது. பெரும்பாலும் ஒரு குப்பி நூறு கோழிக்கு. குளிரில் வைக்க வேண்டும், கலக்கினால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்தாயிரம் கோழி உள்ள பண்ணைக்கு இது சௌகரியம். ஆறு கோழி உள்ள வீட்டுக்கு இந்த மருந்து இருந்தும் இல்லாதது மாதிரிதான். எண்பது ஆண்டுப் பழைய மருந்து நம் தெருவுக்கு வந்து சேராததற்குக் காரணம் நம் அறியாமை என்று மேடையில் பேசுகிறார்கள். குப்பியின் அளவை யார் தீர்மானித்தது என்று எவரும் கேட்பதில்லை. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பதை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். கால்நடை மருத்துவர்களே அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. நோய் வந்ததும் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவது இன்னும் மோசம். அவர் கூடையோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகிறது. செத்ததைக் குப்பையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

இப்போது நாட்டுக்கோழிக்கு மவுசு வந்திருக்கிறது. சாலை ஓரமெல்லாம் நாட்டுக்கோழிப் பண்ணைப் பலகைகள். அரசும் பெண்களுக்குக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களை அறிவிக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 85 கோடிக் கோழியில் ஏறத்தாழ 32 கோடி புறக்கடையில் வளர்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வண்ணக்கோழி என்று கொடுக்கப்படும் வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பினங்கள் நம் பெட்டைபோல அடை உட்காருவதில்லை. நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டைதான் இடும். அவை அதைவிட அதிகம் இடும், எடையும் வைக்கும். அடை மறந்த கோழிக்கு அடுத்த குஞ்சு கடையில்தான் கிடைக்கும். தானே பெருகிய சொத்து, வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய சரக்காக மாறுகிறது. அந்த முட்டைகளை நம் சிறுவிடைப் பெட்டைக்கு அடியில் வைத்துப் பொரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் கழித்துவிட்ட குணத்தைச் சேரி இன்னும் கையில் வைத்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவில் பீல் பழங்குடிகள் வளர்த்த கடக்நாத் கருங்கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வளர்த்தவர் பெயரும் ஊரும் அதோடு சேர்ந்து நின்றன. நம் தெருக்களில் தேர்ந்தெடுத்து வந்த கோழிகளுக்கு யார் பெயர் போடப்போகிறார்கள் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

அதற்கு முன்னால் கோழி உயிரோடு இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம். முகாம் வழக்கமாக ஊருக்குள் நடக்கும், பத்து மணிக்கு மேல் தொடங்கும். அதற்குள் நம் பெண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், கோழி நாலா பக்கமும் மேயப் போயிருக்கும். பிடிக்க ஆளும் இல்லை, கோழியும் இல்லை. பதினைந்து இருபது வீடு சேர்ந்தால் நூறு கோழி தேறும். தெருவாரியாக வீடு, கோழி எண்ணிக்கை எழுதி ஜனவரியிலேயே கால்நடை மருந்தகத்தில் மனுவாகக் கொடுங்கள். முகாம் காலனித் தெருவிலேயே, காலை ஆறு மணிக்கு, பஞ்சாரம் திறப்பதற்கு முன் வேண்டும் என்று எழுதுங்கள். மனு எழுத ஆள் இல்லாத தெருக்களுக்கு நாங்கள் வருகிறோம்.