இன்ஜின் ஏன் ஸ்டார்ட் ஆகல? – ஒரு கடைமடை ஊரின் கதை



போன மழைக்காலத்துல சென்னையில இருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, வேளச்சேரியில முழங்கால் அளவு தண்ணி. வண்டி நடு ரோட்டுல நின்னு போச்சு. செல்ஃப் அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், எடுக்கவே மாட்டேங்குது."

"மாப்ள, மொதல்ல செல்ஃப் அடிக்கிறத நிறுத்து. பிளக்கைக் கழட்டுனியா?"

"பிளக்கா? அது எங்க மாமா இருக்கு?"

நான் சொல்றதுக்குள்ள அவன் அடிச்ச செல்ஃபே போதுமானதா இருந்துச்சு. சிலிண்டருக்குள்ள தண்ணி போயி, கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சுன்னு சர்வீஸ் சென்டர்ல சொல்லிட்டாங்க. ஒரு மாசச் சம்பளத்துல பாதி போச்சு.

அவனைக் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதல. அவன் இன்ஜினியரிங் படிச்சவன், நான் பத்தாவதோட நிறுத்தினவன். அப்படியிருக்க எனக்குத் தெரிஞ்சது அவனுக்கு ஏன் தெரியலன்னு யோசிச்சேன். எங்களுக்கு இன்ஜின் நின்னா பயிர் போயிடும். பயந்துகிட்டே கத்துக்கிட்டோம். அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

எங்க ஊர் கீழ்வேளூர் பக்கம். வெண்ணாறு பாசனத்தோட கடைமடை. மேட்டூர் அணை 1934ல கட்டி முடிச்சதுல இருந்து ஜூன் 12ன்னு ஒரு தேதி டெல்டாக்காரன் மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா மேட்டூர்ல மதகைத் திறந்த தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். வரும்போதும் வாய்க்கால் அடியில ஊர்ந்துதான் வரும், வயல்ல தானா ஏறாது. அதனால இறைக்கணும். எங்க தாத்தா காலத்துல இறைகூடை. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கயிறைப் பிடிச்சு வீசி வீசி இறைப்பாங்க. ஒரு மா நிலம் நனையறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும்.

"மோட்டார் போட வேண்டியதுதானே, கரண்டுதான் இலவசமாச்சே"ன்னு நகரத்து நண்பர்கள் கேப்பாங்க. 1990 வாக்குலயே விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்துடுச்சு, வாஸ்தவம். ஆனா கடலோரத்துல போர் போட்டா பல இடத்துல உப்புத் தண்ணிதான் வரும். நல்ல தண்ணி வாய்க்கால்லயும் வடிகால்லயும்தான் ஓடுது. இன்னிக்கு இந்த மடையில இருக்கும், நாளைக்கு அடுத்த மடையில இருக்கும். அங்கெல்லாம் போஸ்ட் கம்பம் கிடையாது. தண்ணி இருக்கிற இடத்துக்கு இன்ஜினைத் தூக்கிட்டுப் போறதுதான் வழி. மாட்டு வண்டியில ஏத்திப் போவோம், இல்லன்னா மூங்கில்ல கட்டி நாலு பேர் தூக்குவோம். அப்படித்தான் ஆயில் இன்ஜின் எங்க ஊருக்குள்ள வந்துச்சு.

ஜெர்மனிக்காரர் ருடால்ஃப் டீசல் 1897ல ஓட்டிக் காட்டின இன்ஜினோட பேரப்பிள்ளைகள்தான் இதெல்லாம். நம்ம நாட்டுல கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் 1946ல புனேயில ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்து லிஸ்டர் இன்ஜின் மாதிரியே குஜராத் ராஜ்கோட் பட்டறைகள்ல செஞ்சு நாடு முழுக்க அனுப்பினாங்க. பம்பு கோயம்புத்தூர்ல இருந்து வந்துச்சு. 5 ஹார்ஸ்பவர், ஒத்தை சிலிண்டர், ஹேண்டில் போட்டு சுத்தற இன்ஜின். எங்க அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதி பணம் போட்டு ஒண்ணு வாங்கினாங்க.

1980கள்ல ஒரு வருஷம். அப்ப நாகப்பட்டினம் தனி மாவட்டம் இல்ல, தஞ்சாவூர் ஜில்லாதான். மேல தண்ணி குறைச்சல்னு முறை வச்சு விட்டாங்க. எங்க வாய்க்காலுக்கு நாலு நாள் முறை. ஒன்பது மா நிலத்துல நட்ட பயிரு காஞ்சு வெடிப்பு விட ஆரம்பிச்சிருந்துச்சு. முதல் நாள் காலையில ஹேண்டிலைச் சுத்துறோம், இன்ஜின் எடுக்கல. அப்பா சுத்தினார், சித்தப்பா சுத்தினார், நான் சுத்தினேன். கையில கொப்புளம்தான் மிச்சம். மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினா, அவர் வேற ஊர் இன்ஜினுக்குப் போயிருந்தார். கடைமடை முழுக்க ஒரே நேரத்துல இறைக்கும்போது எல்லா ஊருக்கும் அவர் ஒருத்தர்தானே.

மூணாம் நாள் சாயங்காலம் வந்தார். டீசல் பைப் போற வழியில ஒரு நட்டைத் தளர்த்தினார். நுரை நுரையா வந்துச்சு. அங்க இருந்த செம்பு வாஷரைக் கழட்டி என் கையில கொடுத்தார். "இது தேஞ்சு காத்து இழுக்குது தம்பி, ஏர் பிடிச்சிருக்கு." புது வாஷரைப் போட்டு, நுரை நிக்கிற வரைக்கும் டீசலை விட்டு, நட்டை முடுக்கி, ஹேண்டிலைச் சுத்தினார். மூணாவது சுத்துல புகையைக் கக்கிட்டு எடுத்துடுச்சு. எல்லாம் சேர்த்து கால் மணி நேர வேலை. அந்த வாஷர் ஒரு ரூபா கூட பெறாது.

ஆனா முறை முடிய ஒரு நாள்தான் பாக்கி இருந்துச்சு. மூணு மா நனைஞ்சுது. ஆறு மா போச்சு. அம்மாவோட தோடு அந்த வருஷம் அடகுக்குப் போனது, திரும்பி வரவேயில்ல. அப்பா என்னைத் திட்டல. அடுத்த வாரம் அந்த மெக்கானிக் அண்ணனோட பட்டறையில கொண்டு போய் விட்டு, "சம்பளம் வேண்டாம், இவனுக்குச் சொல்லிக் கொடுங்க"ன்னார். ரெண்டு வருஷம் வேலை இல்லாத நாளெல்லாம் அங்கதான் கிடந்தேன்.

ஏர் லாக் என்னன்னு அங்கதான் புரிஞ்சுது. டீசல் இன்ஜினுக்கு பிளக் கிடையாது. உள்ள இழுத்த காத்தை பிஸ்டன் அமுக்குற அமுக்குல அது கொதிக்கும், அதுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். பீய்ச்சுறதுக்குப் பெரிய அழுத்தம் வேணும். டீசலை அமுக்கினா அது சுருங்காது, அந்த அழுத்தம் நேரா நாசிலுக்குப் போகும். நடுவுல காத்து புகுந்துட்டா காத்து சுருங்கிக்கும், நாசில் திறக்காது. டேங்க்ல டீசல் சுத்தமா காலியாகிற வரைக்கும் ஓட்டினாலும் இதே கதிதான். "டேங்கைக் காய விடாதே"ன்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான்.

அந்தப் பட்டறைக்கு வந்த கேள்விகளை வச்சே எங்க ஊர் சரித்திரத்தைச் சொல்லிடலாம். முதல்ல வந்ததெல்லாம் இறைப்புக் கேள்விகள். "இன்ஜின் ஓடுது, தண்ணி ஏறலியே?" புட்வால்வுல தழை மாட்டியிருக்கும், இல்லன்னா பம்புல காத்து இருக்கும். சாணியைக் கரைச்சு ஊத்தினா சின்னக் கசிவெல்லாம் அடைச்சுக்கும், தண்ணி பிடிச்சுக்கும்.

அப்புறம் மொபெட் வந்துச்சு. ஓசூர்ல இருந்து 1980ல டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. ரெண்டு பேர் போகலாம், முன்னாடி ஒரு மூட்டை நெல்லு வைக்கலாம், வரப்புலயும் போகலாம். சைக்கிளுக்கு மேல எதையும் நினைச்சுப் பாக்காத வீடுகள்ல முதல் இன்ஜின் அதுதான். கூடவே புதுக் கேள்வி: "ஆயில் எவ்வளவு ஊத்தணும்?" அது டூ ஸ்ட்ரோக். தனியா ஆயில் தேங்குற இடம் அதுக்குக் கிடையாது, பெட்ரோல்லயே கலந்துதான் ஊத்தணும். பங்க்ல கையால சுத்துற 2டி ஆயில் மிஷின் ஒண்ணு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? லிட்டருக்கு 20 மில்லின்னு கணக்கு சொல்வாங்க. நம்ம ஆளுங்க "இன்ஜினுக்கு நல்லது"ன்னு கூட ஊத்துவாங்க. பிளக்குல கரி பிடிச்சு வண்டி திக்கும். உப்புத்தாள்ல தேய்ச்சுப் போட்டா ஓடும். சைலன்சர் அடைச்சுப் போச்சுன்னா வைக்கோலைக் கொளுத்தி அதுல போட்டுக் கரியை எரிப்போம். சிக்கனம்னு ஆயிலே ஊத்தாம ஓட்டினவருக்கு பிஸ்டன் பிடிச்சு நடு ரோட்டுல நின்னுடும். கலப்பு கூடினா கரி, குறைஞ்சா சாவு. அப்ப எங்க ஊர்ல படிக்காத பாட்டியும் "2டி போட்டியாடா?"ன்னு கேக்கும்.

புல்லட் பண்ணையார் வண்டி. 1955ல இருந்து சென்னையில செஞ்சுட்டு வந்தாங்க, திருவொற்றியூர்ல. அதுல டீசல் புல்லட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, இளவட்டங்களுக்குத் தெரியாது. 1980கள்லயும் 90கள்லயும் விற்பனையில இருந்தது. 325 சிசி, வெறும் 6.5 ஹார்ஸ்பவர். பம்பு செட்டு இன்ஜினுக்கு ரெண்டு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும், வேகமும் அப்படித்தான். எங்க பட்டறைக்கு ஒண்ணு வந்தப்ப அண்ணன் சிரிச்சுட்டார். "இதுக்கும் ஏர் பிடிக்கும், நீயே பாரு"ன்னு என்கிட்ட விட்டுட்டார். நான் தனியா சரி பண்ணின முதல் வண்டி அது.

1985ல ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்து ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பழக்கிச்சு. புகை இல்ல, மைலேஜ் தாராளம். இதுல ஆயில் இன்ஜினுக்கு அடியில தனியா நிக்கும். டூ ஸ்ட்ரோக்குல பழகினவங்களுக்கு இது புரியவே நாளாச்சு. பெட்ரோல் போட்டா போதும்னு ஆயிலே மாத்தாம வருஷக் கணக்கா ஓட்டி, கடைசியில இன்ஜின் கடகடன்னு அடிக்கும்போது கொண்டு வருவாங்க. கேப்பைத் திறந்து பார்த்தா கீல் மாதிரி இருக்கும். இன்னிக்கும் நான் பாக்குற பெரும்பாலான இன்ஜின் சாவு இந்த ஒரு காரணத்தாலதான்.

2004 டிசம்பர் 26. ஆறாயிரத்துக்கு மேல உயிர்கள் நம்ம மாவட்டத்துல மட்டும். அந்த நேரத்துல இன்ஜினைப் பத்திப் பேசறது தப்பாத் தெரியலாம். ஆனா அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பத்துல பிழைச்சுக் கிடந்தவங்களுக்கு மறுபடி கடலுக்குப் போக படகும் இன்ஜினும்தான் வேணும். கடல் தண்ணியில முங்கின இன்ஜின்கள் மணல்ல சிதறிக் கிடந்துச்சு. சிஃப்ஸ்னு தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு படகு, இன்ஜின் பழுது பார்க்கிற வேலையில இறங்கினாங்க. அப்ப எல்லாரும் கத்துக்கிட்ட பாடம் ஒண்ணு உண்டு. நனைஞ்சதை வெயில்ல காய வைக்கத்தான் கை போகும். கடல் தண்ணியில நனைஞ்சதைக் காய வச்சா உப்பு அரிக்கும், பேரிங் துருப்பிடிச்சு இறுகிடும். உடனே நல்ல தண்ணியில கழுவணும். பிரிக்க ஆள் வர நாளாகும்னா நல்ல தண்ணியிலேயே முக்கி வைக்கிறது மேல். அப்புறம் பிரிச்சு, துடைச்சு, டீசல்லயும் ஆயில்லயும் நனைக்கணும்.

14 வருஷம் கழிச்சு, 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா. வேதாரண்யம் பக்கம் கரை ஏறி டெல்டாவையே புரட்டிப் போட்டுச்சு. ஒரு லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சுது. வாரக் கணக்குல கரண்டு இல்ல. மேல்நிலைத் தொட்டியில தண்ணி ஏத்த வழியில்ல. மாட்டுக் கொட்டகை மூலையில கோணி போட்டு மூடிக் கிடந்த எங்க பழைய இன்ஜின் ஞாபகம் வந்துச்சு. கொட்டகை அதும்மேலேயே சரிஞ்சு கிடந்தது. தோண்டி எடுத்து, ஆயில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தா பால் காபி நிறம். தண்ணி கலந்திருக்கு. அப்படியே சுத்தியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். ஆயிலை வடிச்சு, டீசல் டேங்கை வடிச்சு, ஃபில்டரைக் காய வச்சு, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிட்டு கையால மெதுவா சுத்தினேன். உள்ள இருந்த தண்ணி புசுபுசுன்னு வெளிய வந்துச்சு. புது ஆயில் ஊத்தி, ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணினப்ப தெருவே கூடிடுச்சு. குளத்துல இருந்து மாட்டுக்கும் புழக்கத்துக்கும் 11 நாள் அந்த இன்ஜின்தான் தண்ணி கொடுத்துச்சு.

என் மாப்ளைக்கு நடந்ததும் இதேதான். தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டர்ல தண்ணி நிக்கும்போது பிஸ்டன் மேல வந்தா, தண்ணி விட்டுக் கொடுக்காது, ராடுதான் வளையும். பிளக்கைக் கழட்டிட்டா தண்ணிக்கு வெளிய போக வழி கிடைக்கும்.

2020 ஏப்ரல் 1ல இருந்து பி.எஸ்.6. கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு. மொபெட்டே 2015ல எக்ஸ்.எல். 100ன்னு ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிடுச்சு. பழசுதான் ஒசத்தின்னு சொல்ல வரல. டூ ஸ்ட்ரோக் புகையைக் குடிச்சவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனா இப்ப மீட்டர்ல ஒரு விளக்கு எரிஞ்சா, என்ன கோளாறுன்னு சொல்ல ஒரு கருவி வேணும். அது எங்க பட்டறைகள்ல பெரும்பாலும் இல்ல. என்னோட பட்டறையில இருந்த ரெண்டு பேர் சிங்கப்பூர் போயிட்டாங்க, அண்ணன் தவறிட்டார். பட்டறை இப்ப செல்போன் கடை. ஊர்ல இன்ஜின் எண்ணிக்கை கூடியிருக்கு, அதைத் திறந்து பாக்குற கை குறைஞ்சுபோச்சு. அடுத்த புயல்ல இதுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்னுதான் என் பயம்.

எல்லாத்தையும் கருவி கேக்காது, நீங்களே செய்யக் கூடியதும் இருக்கு. பிளக் எங்க இருக்குன்னு இன்னிக்கே பாருங்க, பிளக் ஸ்பேனரை வண்டியிலயே வைங்க. மாசம் ஒரு தடவை ஆயில் அளவும் நிறமும் பாருங்க. தண்ணியில வண்டி நின்னா சாவியைத் திருப்பி அணைச்சு, தள்ளிட்டு வாங்க. டேங்குக்குள்ள தண்ணி போயிருந்தா பெட்ரோலை முழுசா வடிச்சுடுங்க. இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணியோட சேர்ந்து அடியில தங்கிடும், இன்ஜின் முதல்ல குடிக்கிறது அதைத்தான்.

மாப்ள பொங்கலுக்கு வந்தப்ப அந்த டீசல் இன்ஜினை அவனையே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஆறு தடவை சுத்தினான், எடுக்கல. நான் வேணும்னே நட்டைத் தளர்த்தி வச்சிருந்தேன். அரை மணி நேரத்துல அவனே கண்டுபிடிச்சுட்டான். இனிமே அவனுக்கு மறக்காது.

இன்னிக்கு மழை விட்டிருக்கு. பள்ளத்து வயல்ல பயிரு முங்கி நிக்குது, தண்ணியை வடிகாலுக்கு இறைச்சு விடணும். இன்ஜினுக்கு டீசல் வாங்கப் போறேன். அடுத்த வாரம் பாப்போம்.