ஏ.பி.சி. மாத்திரையும் தோட்டத்து டிரெஸரும்

மலாயாவில் ஜொகூரின் காட்டைத் திறந்துவிட்டது 1909இல் முழுமையடைந்த ரயில் பாதை. சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று தண்டவாளத்தை ஒட்டியே ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து சனங்கள் வந்து இறங்கினார்கள். காடு வெட்டிய இடத்தில் மலேரியா கிளம்பியது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் முதல் மருந்து கொய்னா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து, கண்ணெதிரே விழுங்கச் செய்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வலி மாத்திரையைப் பற்றி எழுத வந்தவள் கொய்னாவிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. இன்று மளிகைக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகள் கொய்னாவுக்கு மாற்றுத் தேடியபோது கிடைத்தவை. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப்பட்டை, கொய்னா எடுக்கும் சிங்கோனாப் பட்டையைப் போலவே கசப்பதைக் கண்டு, அதைக் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் எழுதிவைத்தார். ஆஸ்பிரினின் மூதாதை அதுதான். ஜெர்மனியில் லுட்விக் க்னோர் செயற்கைக் கொய்னா செய்ய முயன்று 1883இல் ஆன்டிபைரினைக் கண்டார். 1886இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் குடல் புழுவுக்கென்று வேறு மருந்து கேட்டவர்களுக்குத் தவறுதலாக அசெட்டனிலைட் வந்து சேர, நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அது ரத்தத்தைக் கெடுத்தது, உதடு நீலம் பாய்ந்தது. அதைத் திருத்தி 1887இல் ஃபெனாசெட்டின் வந்தது. 1899இல் பேயர் கம்பெனியின் ஆஸ்பிரின்.

ஆஸ்பிரின், ஃபெனாசெட்டின், காஃபின் மூன்றையும் சேர்த்த மாத்திரைதான் ஏ.பி.சி. என் அப்பா ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தபோது அதிகம் கொடுத்தது அதைத்தான். உடம்பு வலிக்குச் சாலிசிலேட் மிக்சரும் உண்டு. போத்தலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அப்பா அதைக் கழுவி, மருந்தை ஊற்றி, ஒரு காகிதப் பட்டையை மடித்து ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அளவு தப்பாமல் குடித்தார்கள். மாத்திரையைப் பொட்டலம் மடித்து இரண்டு நாளைக்குத்தான் தருவார். மூன்றாம் நாளும் வலித்தால் ஆள் நேரில் வரவேண்டும். சாப்பிட்டாயா, மலம் கறுப்பாகப் போகிறதா, ராத்திரி சம்சுச் சாராயம் குடித்தாயா என்று கேட்காமல் பொட்டலம் கைமாறாது. தொழிலாளர் லயத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தக் கேள்விகள் எவ்வளவு பெறுமதியானவை என்பதை மருந்தாளுநராகப் படித்தபோதுதான் உணர்ந்தேன். 1953இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், வலி மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்களின் சிறுநீரகம் கெட்டுப்போவதை எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் பெக்ஸ் என்ற வலித் தூளைத் தேநீரோடு தினமும் எடுத்த இல்லத்தரசிகளுக்கும் அதே கதி. இரண்டு இடத்திலும் பழி ஃபெனாசெட்டின்மேல் விழுந்தது, பிறகு நாடு நாடாக அதை நிறுத்தினார்கள். அப்பா கேட்ட கேள்விகளைக் கடையில் வாங்குபவர்களிடம் யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்துக் கடைகளிலும் ஆஸ்ப்ரோ, காக்கி தீகா தலைவலித் தூள், கோடாலித் தைலம் எல்லாம் தொங்கின. விடியுமுன் மரம் சீவப் போய், காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து, வீடு திரும்பி அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் போட்டு வேலைக்குப் போனவர்கள் நிறைய. வயிற்றுப் புண் அப்படித்தான் வந்தது.

1949இல் அமெரிக்காவில் பிரோடியும் ஆக்ஸெல்ராடும் ஃபெனாசெட்டின் உடம்புக்குள் போய்ப் பாராசிட்டமோலாக மாறித்தான் வேலை செய்கிறது என்று காட்டினார்கள். 1956இல் பிரிட்டனில் அது பனடோல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வயிற்றைப் புண்ணாக்காத மருந்து என்பதில் பொய்யில்லை. ஆனால் அளவு மீறினால் ஈரல் போய்விடும் என்பது 1966இல் எடின்பரோவிலிருந்து வந்த செய்தி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மருந்திலும் பாராசிட்டமோல் கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தினம் மது குடிப்பவருக்கும் சரியாகச் சாப்பிடாதவருக்கும் எட்டே கூடுதல். ஈரல் கெடும்போது முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாகவே இருப்பார், அதுதான் கொடுமை. முறிமருந்தான அசெட்டில்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் சட்டமே வந்தது. அப்பாவுக்கு அதில் பெருமை. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின. சனங்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். கேள்வி கேட்கும் டிரெஸர் அவர்களோடு போகவில்லை. அந்த இழப்பை யாரும் கணக்கெடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1984 மருந்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகளுக்குப் பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. கடைசி எழுத்து எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் வாங்கலாம், டி என்றால் பாரம்பரிய மருந்து. பாராசிட்டமோல் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐபுபுரூஃபனை மருந்தாளுநரிடம்தான் வாங்க வேண்டும். ஆனால் மூட்டுவலிக்கு அற்புதம் என்று சந்தையில் விற்கும் மஜுனிலும் ஜாமுவிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறது. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து என்னிடம் வருகிறார்கள். 'நாட்டு மருந்துதானே' என்கிறார்கள்.

டெங்கி காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ஆகாது, ரத்தக்கசிவு கூடும். இதைக் குளுவாங்கில் என் கடைக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன். அதைவிட நான் அதிகம் பயப்படுவது சிறுநீரகத்துக்கு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி சிறுநீரகத்தைக் கெடுக்கும் நீரிழிவு நம் மலேசிய இந்தியர்களிடம்தான் மிக அதிகம், பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேர். அவர்களில் பலர் பழைய தோட்டத்துக்காரர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள். "பவர் உள்ளதாக் குடும்மா" என்று கேட்கிறார்கள். வெறும் முதுகுவலிக்குப் பாராசிட்டமோல் பெரிதாக உதவாது என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,600 பேருக்கு மேல் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐபுபுரூஃபன் வகை மாத்திரையைத் தினமும் போட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும், ஏற்கெனவே நொந்த சிறுநீரகம் இன்னும் நோகும். முழங்காலுக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு நன்றாகவே கேட்கிறது, உடம்புக்குள் போவதும் குறைவு. அதை முதலில் கொடுத்து, கடைசியாகச் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை எப்போது பார்த்தீர்கள் பாட்டி என்று கேட்கிறேன். பார்த்ததில்லை என்றால் அரசாங்க கிளினிக்கின் பெயரைச் சீட்டில் எழுதி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.