இன்ஜின் சத்தமும் ஈயத்தின் கதையும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிய பழைய பெட்ரோல் கார் ஒன்று, சித்திரை வெயிலில் இந்தச் சாலையின் மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறினால், டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள்.

ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், தீ இன்னும் எட்டாத மூலையில் உள்ள பெட்ரோல் ஆவி தானாகவே வெடிக்கும். அந்த அதிர்ச்சிதான் சத்தம். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகலாம், ஹெட் கேஸ்கட் போகலாம். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைவது, விடாமல் வெள்ளைப் புகை வருவது, ஆயில் மூடியில் பால்போல் படிவது ஆகியவை கேஸ்கட் போனதன் அறிகுறிகள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சத்தத்தின் காரணம் சரியாகப் பிடிபடவில்லை. 1912ல் காடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தபோது, கூடவே வந்த பேட்டரி இக்னிஷன் மேல் பழி விழுந்தது. அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, குற்றவாளி ஸ்பார்க் அல்ல, எரிபொருள்தான் என்று காட்டினார்.

1921 டிசம்பர் 9. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளியளவு கலந்ததும் சத்தம் நின்றது! எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பதும் அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் எத்தனாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. அளவும் அதிகம் வேண்டும். ஈயம் வென்றது. 1923ல் 'எதில்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலை ஒன்றில் ஈய நஞ்சால் 5 தொழிலாளர்கள் இறந்தனர். விற்பனை சில காலம் நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது.

புகையோடு வெளியேறும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்தியாவில் 1995 ஏப்ரலில், கேட்டலிடிக் கன்வர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காக, 4 பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். அதுவரை நெடுஞ்சாலையோர ஊர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தன. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021ல் நிறுத்தியது.

இதே திண்டிவனம் - விழுப்புரம் சாலையில், விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பாலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எத்தனால் எடுக்கலாம். 2023ல் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. பழைய கார்களின் ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் நாக்கிங்கைத் தடுக்கும் அதன் குணம் மிட்ஜ்லி காலத்திலேயே தெரிந்ததுதான். தெரிந்தும் ஒதுக்கியதற்கு விலை கொடுத்தவர்கள், கார் ஓட்டத் தெரியாத குழந்தைகள்.